சேலத்தில் ஒரு செஸ்னா 172: ரேடியோ தேர்ந்தெடுத்தது பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

நான்கு இருக்கை செஸ்னா 172 விமானம். 1980-களின் தொடக்கத்தில் தயாரானது, 28 வோல்ட் மின்னமைப்பு கொண்டது. வெளிமாநிலப் பயிற்சிக் கழகம் ஒன்றில் பல ஆண்டுகள் மாணவர்களைச் சுமந்துவிட்டு, கைமாறி, சேலத்தில் ஜவ்வரிசி ஆலை நடத்தும் ஒருவரிடம் வந்து சேர்ந்தது. அவரிடம் பிரைவேட் பைலட் லைசென்ஸ் இருக்கிறது. பகலில், வானம் தெளிவாக இருக்கும்போது மட்டும் ஓட்டுவார். அவருடைய மகன், மேகத்துக்குள்ளும் கருவிகளை மட்டும் பார்த்து ஓட்ட அனுமதிக்கும் இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்குக்குத் தயாராகிக்கொண்டிருந்தார். இவர்கள் இருவரைத் தவிர, பெங்களூரிலிருந்து வந்துபோகும் மூத்த ஏ.எம்.இ. (விமானப் பராமரிப்புப் பொறியாளர்) ஒருவரும், அவருக்கு ஏவியானிக்ஸ் (விமான மின்னணுக் கருவிகள்) வேலையில் துணையாக இருந்த நானும் இதில் உண்டு. ஆட்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன்.

விமானம் நின்றது ஓமலூரை அடுத்த காமலாபுரத்தில் உள்ள சேலம் விமான நிலையத்தில். 1993-இல் திறந்த நிலையம் அது. பயணிகள் விமானங்கள் சில காலம் வருவதும், பிறகு நின்றுபோவதுமாகவே இருந்தன. 2023 அக்டோபரிலிருந்து பெங்களூரு, ஹைதராபாத், கொச்சிக்கு மறுபடி சேவை தொடங்கியது. இந்தக் கதைக்கு அது முக்கியம். டவரில் ஆள் சும்மா இருந்த நாட்களில் ஒரு தகவலை மூன்று முறை திருப்பிச் சொன்னாலும் யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. அதே அலைவரிசையில் ஏ.டி.ஆர். பயணிகள் விமானமும் பயிற்சி மாணவர்களும் பேசத் தொடங்கியபின், தெளிவில்லாத ஒரு குரல் எல்லோருக்கும் இடைஞ்சல்.

பேனலில் இருந்தவை: இரண்டு கே.எக்ஸ். 155 நாவ்–காம் பெட்டிகள் (நாவ் வழி காட்டும் பகுதி, காம் பேசும் பகுதி), முதல் பெட்டிக்கு, இறங்குபாதையைக் காட்டும் கிளைடுஸ்லோப் முள்ளோடு ஒரு கே.ஐ. 209 காட்டி, ரேடாருக்குப் பதில் சொல்லும் கே.டி. 76ஏ ட்ரான்ஸ்பாண்டர், தரை ரேடியோ நிலையத்தின் திசையைக் காட்டும், யாரும் தொடாத ஒரு கே.ஆர். 87 ஏ.டி.எஃப். எல்லாம் பழைய கிங் தயாரிப்புகள். அவற்றின் காலத்தில் நல்ல பெயர் வாங்கியவை.

புகார்

உரிமையாளர் சொன்னது ஒரே வரி: “காம் ஒன்னு போயிடுச்சுங்க.” விசாரித்தபோது அதற்குள் மூன்று விஷயங்கள் இருந்தன. முதல் பெட்டியின் திரை வெயில் ஏற ஏற மங்கி, மதியத்தில் அலைவரிசை எண்ணே தெரிவதில்லை. அதில் பேசினால் டவர் சில சமயம் ரீடபிலிட்டி 2 (5 என்றால் முழுத் தெளிவு) என்கிறது, சில சமயம் பதிலே சொல்வதில்லை. மலைப்பக்கம் போனால் இரண்டு பெட்டியுமே ஊமை.

இரண்டையும் கழற்றிவிட்டுப் புதிதாக வைப்பது என்று அவர் ஏற்கெனவே முடிவுசெய்திருந்தார். கையில் விலைப்பட்டியலும் இருந்தது.

“எதுக்குங்க இவ்வளவு ஆராய்ச்சி? பழச ரெண்டையும் தூக்கிப் போட்டுட்டு புதுசு வெச்சுடலாமுங்களே.”

“வெச்சுடலாங்க சார். புதுசு வந்தும் இதே கரகரன்னு கேட்டா அப்ப யாரைக் கேக்கறது?” என்றார் ஏ.எம்.இ.

முதல் கவனிப்பு: குரல் எங்கே அறுகிறது

எந்தப் பெட்டியையும் தொடுவதற்கு முன், தந்தையும் மகனும் வழக்கம்போலப் பறந்தார்கள். ஆனால் டவருக்குக் குரல் கேட்காமல் போன இடத்தையும், அப்போதிருந்த உயரத்தையும், எந்தப் பெட்டியில் பேசினார்கள் என்பதையும் வரைபடத்தில் குறித்தார்கள். ஆய்வு முழுவதிலும் மிகக் குறைந்த செலவில் மிக அதிகம் சொன்ன வேலை இதுதான்.

விமான ரேடியோ 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரையிலான வி.எச்.எஃப். அலையில் பேசுகிறது. அது ஏறத்தாழ நேர்கோட்டில்தான் போகும். தடையில்லாத சமவெளிமேல் 5,000 அடியில் பறந்தால் கணக்குப்படி 160 கிலோமீட்டர் எட்ட வேண்டும். காமலாபுரத்துக்குக் கிழக்கே அந்தக் கணக்கு செல்லாது. நிலையம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,000 அடியில் இருக்கிறது. பதினைந்து கிலோமீட்டர் தாண்டினால் சேர்வராயன் மலை. ஏற்காடு ஊரே ஏறக்குறைய 5,000 அடி, சேர்வராயன் கோயில் உச்சி 5,300 அடிக்கு மேல். டவரிலிருந்து மலைமுகட்டைத் தொட்டு ஒரு கோட்டை அப்படியே நீட்டினால், 30 கிலோமீட்டர் கிழக்கே அது 9,000 அடிக்குப் போய்விடும். அதற்குக் கீழே பாப்பிரெட்டிப்பட்டி, வாழப்பாடி பக்கம் பறக்கும் விமானம் மலையின் நிழலில் இருக்கிறது. அங்கே எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய ரேடியோவும் பேசாது.

வரைபடத்தில் விழுந்த குறிகளில் ஒரு கூட்டம் சரியாக இந்த நிழலுக்குள் இருந்தது, அதில் இரண்டு பெட்டியும் அடக்கம். அதை மலையின் கணக்கில் எழுதி ஒதுக்கினோம். மீதிக் குறிகள் மேற்கிலும் தெற்கிலும் சங்ககிரி, எடப்பாடி திசையில் சிதறிக் கிடந்தன. அங்கே மறைக்க எதுவும் இல்லை, விமானமும் நல்ல உயரத்தில் இருந்தது. அவை எல்லாமே முதல் பெட்டியில் பேசியபோது வந்தவை.

பெட்டிகளை இடம் மாற்றியது

இரண்டும் ஒரே மாடல் என்பது ஒரு வசதி. கே.எக்ஸ். 155-ஐ முன்பக்கம் உள்ள ஒற்றை ஆலன் திருகைத் தளர்த்தினால் ட்ரேயிலிருந்து அப்படியே உருவிவிடலாம். மேல் பெட்டியைக் கீழேயும் கீழ்ப் பெட்டியை மேலேயும் செருகினோம். கோளாறு பெட்டியோடு கீழே இறங்கினால் பெட்டியில் பிழை. மேல் இடத்திலேயே தங்கினால் வயரிங்கில் அல்லது ஆன்டெனாவில் பிழை.

இங்கே இரண்டும் நடந்தன. மங்கல் திரை பெட்டியோடு கீழே போனது. கரகரப்பு மேல் இடத்திலேயே தங்கி, நல்ல பெட்டியையும் கெடுத்தது. ஆக, உரிமையாளர் ஒன்றாகப் பார்த்தது ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு கோளாறுகள். விலைப்பட்டியலில் இருந்த எந்தப் பெட்டியும் அதில் ஒன்றைத்தான் தீர்த்திருக்கும்.

கூரையில் கண்டது

முதல் காம் ஆன்டெனா கேபின் கூரைமேல் இருக்கிறது. மீட்டரை இணைத்துப் பார்த்ததில் எஸ்.டபிள்யூ.ஆர். என்ற அளவு 3-ஐத் தாண்டியது. 3 என்றாலே அனுப்பும் சக்தியில் கால்பங்கு ஆன்டெனாவிலிருந்து திரும்பிப் பெட்டிக்கே வருகிறது என்று பொருள். ஆனால் பத்து வாட்டில் கால்பங்கு இழந்ததால் மட்டும் குரல் அந்த அளவுக்குக் கெடாது. ஆன்டெனாவைக் கையால் லேசாக அசைத்தபோது முள் துள்ளியது. அங்கேதான் விஷயம் இருந்தது.

கழற்றிப் பார்த்தால் அடியில் இருந்த கேஸ்கெட் காய்ந்து கட்டையாகியிருந்தது. மழைநீர் புகுந்து, ஆன்டெனாவின் அடித்தகடும் விமானத்தின் அலுமினியத் தகடும் தொடும் இடமெல்லாம் வெள்ளை வெள்ளையாய் அரிப்பு. இந்த ஆன்டெனாவுக்கு விமானத்தின் உலோக உடம்புதான் பாதி ஆன்டெனா. அந்தத் தொடர்பு அதிர்வில் விட்டுவிட்டு அறுந்தால் சக்தி கேபினுக்குள்ளேயே சுற்றி, மைக் வயரில் ஏறி, பேச்சோடு கலந்து கரகரக்கும். ஆன்டெனாவைப் பெட்டியோடு இணைக்கும் கோஆக்ஸ் கேபிளும் விமானத்தோடு வந்த பழைய ஆர்.ஜி. 58. அதன் கனெக்டர் ஓரத்தில் செம்பு கறுத்திருந்தது.

தகட்டைப் பளபளப்பாகச் சுரண்டி, அரிப்புத் தடுப்புப் பூச்சு கொடுத்து, புது ஆன்டெனா வைத்து, கேபிளை ஆர்.ஜி. 400-ஆக மாற்றினோம். எஸ்.டபிள்யூ.ஆர். அலைவரிசை முழுவதும் 2-க்குக் கீழே வந்தது. பழைய பெட்டியிலேயே பேசியபோது டவர் 5 என்றது.

இந்த இடத்தில் உரிமையாளருக்கு வேறொரு யோசனை வந்தது: “அப்ப புதுசே வேண்டாமுங்களா?” நியாயமான கேள்விதான். பேச்சுக்காக மட்டும் என்றால் வேண்டியதில்லை என்பதுதான் எங்கள் பதிலும். திரை மட்டும் மீதியிருந்தது. கே.எக்ஸ். 155-இன் திரை வாயு நிரப்பிய பழைய வகை, உயர் மின்னழுத்தத்தில் ஒளிர்வது. உதிரி கிடைப்பது அரிதாகிக்கொண்டே வருகிறது. ஒரு பெட்டிக்கு வந்தது மற்றதற்கும் வரும். மகனின் பயிற்சிக்கு பேனலில் ஒரு ஜி.பி.எஸ். தேவைப்பட்டது. ஆகவே மாற்றம் நடக்க வேண்டும், ஆனால் அவசரம் போய்விட்டது. அவசரம் போனதால்தான் மேற்கொண்டு பேச்சு நிதானமாக நடந்தது என்று நினைக்கிறேன்.

எதை வாங்குவது

முதலில் மேசைக்கு வந்தது கார்மின் ஜி.என்.எஸ். 430டபிள்யூ., அதுவும் வெளிநாட்டில் கழற்றிய பழையது. மகனின் விருப்பம் அது. பயிற்சிப் பள்ளியில் அவர் விரல் பழகிய பெட்டி. விலையும் கவர்ந்தது. ஆனால் 430 வரிசை 1998-இல் வெளிவந்தது. உற்பத்தி நின்று பல வருடம் ஆகிறது. உதிரி கிடைக்காத ஒன்றைக் கழற்றிவிட்டு, உதிரி கிடைக்காமல் போகப்போகும் இன்னொன்றை வைப்பதற்குப் பேனலைத் திறக்க வேண்டாம் என்றார் ஏ.எம்.இ. அவர் சொன்னதில் வாதாட இடமில்லை.

அடுத்தது ஜி.டி.என். 650எக்ஸ்.ஐ. ஜி.பி.எஸ்., வி.ஓ.ஆர். (தரை நிலையத்தின் சைகையை வைத்து வழி காட்டுவது), ஐ.எல்.எஸ். (ஓடுபாதையில் இறங்க வழிகாட்டும் ரேடியோ), காம் எல்லாம் ஒரே பெட்டியில். குறை சொல்ல ஒன்றுமில்லை. மேகத்துக்குள் தினம் பறக்கும் விமானமாக இருந்தால் இதற்கே கை தூக்கியிருப்பேன். இங்கே உரிமையாளர் பறப்பது பகல் வெளிச்சத்தில். மகனின் பயிற்சி முடிந்தபின் இந்த விமானம் மழைமேகத்தைத் தேடிப் போகப்போவதும் இல்லை. பயன்படாத திறமைக்கு விலை கொடுப்பது சேலத்து வியாபாரிக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டிய பாடமல்ல. விலையைக் கேட்டதும் அவரே அந்தத் தாளை மடித்து வைத்துவிட்டார்.

மூன்றாவது, ஜி.பி.எஸ். எண்ணத்தை விட்டுவிட்டு இரண்டு புது நாவ்–காம் வைப்பது. வரைபடத்துக்கு டேப்லெட் இருக்கிறதே என்பது இதன் வாதம். ஏப்ரல் வெயிலில் கண்ணாடிக்குக் கீழே வைத்த டேப்லெட் சூடாகி அணைந்துபோன அனுபவம் தந்தைக்கே இருந்ததால் அது நிற்கவில்லை.

கடைசியில் தேர்ந்தது 2019-இல் வந்த ஜி.என்.சி. 355. அதில் ஜி.பி.எஸ்.ஸும் காமும் மட்டுமே உண்டு, வி.ஓ.ஆர்., ஐ.எல்.எஸ். கிடையாது. இதைக் குறையாகப் பார்ப்பவர்கள் அதிகம். எங்களுக்கு அதுவே பொருத்தமாக இருந்தது. சேலத்தில் ஐ.எல்.எஸ். இல்லை. மகன் ஐ.எல்.எஸ். பழகக் கோயம்புத்தூருக்கோ திருச்சிக்கோ போக வேண்டும். அதற்கு கே.எக்ஸ். 155-இன் நாவ் பகுதியும் கே.ஐ. 209-உம் இன்னும் குறையில்லாமல் வேலை செய்தன. எனவே நல்ல திரையுள்ள கே.எக்ஸ். 155 இரண்டாம் இடத்தில் தொடரும், மங்கியது உதிரியாக அலமாரிக்குப் போகும். மேல் பெட்டி செத்தால் கீழே ஒரு காமும் வி.ஓ.ஆரும் மிஞ்சும், கீழ்ப் பெட்டி செத்தால் மேலே ஒரு காமும் ஜி.பி.எஸ்.ஸும் மிஞ்சும். எந்த ஒரு பெட்டி போனாலும் பேசவும் வழி உண்டு, வழி பார்க்கவும் வழி உண்டு. இந்த வாக்கியத்தை ஏ.எம்.இ. சொன்னபோதுதான் உரிமையாளர் தலையசைத்தார்.

355-லேயே 355ஏ என்று ஒன்று உண்டு. ஐரோப்பாவில் கட்டாயமான 8.33 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியிலும் பேசும். இந்த விமானம் ஐரோப்பா போகப்போவதில்லை. 25 கிலோஹெர்ட்ஸ் மாடலே போதும் என்று முடிந்தது.

விலைப்பட்டியலில் யாரும் முதலில் பார்க்காத ஒரு வரி காட்டி. கே.ஐ. 209-க்கு ஜி.பி.எஸ். தரும் இடம்–வலம் சைகையை வாங்கத் தெரியாது, கே.எக்ஸ். 155 தரும் கலவைச் சைகையைப் பிரித்துப் படிக்க மட்டுமே அதற்குத் தெரியும். ஜி.பி.எஸ்.ஸுக்கு ஜி.ஐ. 106பி போன்ற தனிக் காட்டி வேண்டும், அதற்குப் பேனலில் ஒரு வட்ட ஓட்டை வேண்டும். இந்த நெருக்கடியை ஏ.டி.எஃப். தீர்த்துவைத்தது. அது கேட்க வேண்டிய என்.டி.பி. என்னும் தரை ரேடியோ நிலையங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டு வருகின்றன. ஏ.டி.எஃப். பெட்டியைக் கழற்றியதில் அடுக்கில் இடமும், அதன் காட்டியைக் கழற்றியதில் ஓட்டையும், வயிற்றுப் பக்க ஆன்டெனாவைக் கழற்றியதில் கொஞ்சம் எடையும் கிடைத்தன.

இன்னொன்று, ஜி.பி.எஸ். தரவுத்தளம். 28 நாளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், அதற்குச் சந்தா. “பெட்டி வாங்கினப்புறமுமா காசு?” என்றார் உரிமையாளர். ஆமாம். இதை வாங்குவதற்கு முன்பே சொல்லிவிட்டதில் பின்னால் ஒரு மனக்கசப்பு குறைந்தது.

காகிதம்

இது அலுப்பான பகுதி, சுருக்கமாகச் சொல்கிறேன். இத்தகைய மாற்றத்துக்கு எஸ்.டி.சி. (மாற்றத்தின் வடிவமைப்புக்கான அனுமதிச் சான்று) வேண்டும், அதன் மாடல் பட்டியலில் இந்த விமானத்தின் மாடல் இருக்க வேண்டும், விமானப் போக்குவரத்து இயக்ககமான டி.ஜி.சி.ஏ. அதை ஏற்க வேண்டும். ஏவியானிக்ஸ் அனுமதி பெற்ற நிறுவனமே வேலையைச் செய்து கையெழுத்திட வேண்டும். மின்சுமைக் கணக்கு, எடை–சமநிலைத் தாள், விமானக் கையேட்டின் இணைப்பு, பேனலில் உலோகம் இடம்மாறியதால் காந்தத் திசைகாட்டியைத் திரும்பச் சரிபார்ப்பது எல்லாம் உண்டு. இவற்றில் தாமதம் இல்லை.

தாமதம் வந்தது தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூ.பி.சி. பிரிவு தரும் வானூர்தி ரேடியோ உரிமத்தில். உரிமத்தில் பெட்டிகளின் விவரம் எழுதியிருக்கும். பெட்டி மாறினால் உரிமமும் மாற வேண்டும். வேலை முடிந்தபின்தான் விண்ணப்பம் போனது. விமானம் தயாராகி, தாளுக்காகக் காத்து நின்றது.

பொருத்தியபின் வந்த புதுச் சிக்கல்

தரைச் சோதனையில் எல்லாம் சரியாக இருந்தது. ஜி.பி.எஸ். நிமிடத்துக்குள் செயற்கைக்கோள்களைப் பிடித்தது. இஸ்ரோவும் விமான நிலைய ஆணையமும் சேர்ந்து நடத்தும் ககன் அமைப்பின் திருத்தச் சைகையும் வந்தது. பிறகு பொருத்தும் கையேடு கேட்கும் ஒரு சோதனை: 121.175, 131.275 போன்ற குறிப்பிட்ட அலைவரிசைகளில் அரை நிமிடம் பொத்தானை அழுத்திக்கொண்டு ஜி.பி.எஸ். திரையைப் பார்க்க வேண்டும்.

காரணம் எளிய பெருக்கல். ஜி.பி.எஸ். சைகை 1575.42 மெகாஹெர்ட்ஸ். 121.186-ஐ 13-ஆல் பெருக்கினாலும் 131.285-ஐ 12-ஆல் பெருக்கினாலும் அந்த எண்ணே வரும். ரேடியோ பேசும்போது அதன் மடங்குகளும் மெல்லியதாக வெளியே கசியும். செயற்கைக்கோளிலிருந்து வரும் சைகையோ அதைவிட மெல்லியது.

கீழ்ப் பெட்டியில், அதாவது பழைய கே.எக்ஸ். 155-இல், 121.175-இல் அழுத்தியதும் ஜி.பி.எஸ். திரையில் செயற்கைக்கோள்களின் சைகை வலுவைக் காட்டும் கம்பங்கள் ஒன்றொன்றாகச் சரிந்து நிலைக்குறிப்பு போய்விட்டது. விட்டதும் திரும்பி வந்தது. மேல் பெட்டியில் அழுத்தினால் ஒன்றும் ஆகவில்லை. உரிமையாளரின் முகம் மாறியது. பழைய பெட்டியை வைத்துக்கொண்டதே தவறோ என்று.

ஏ.எம்.இ. ரேடியோவைத் தொடவில்லை. பின்பக்கம் போய் இ.எல்.டி.யின் ஆன்டெனா கேபிளைக் கழற்றிவிட்டு, “இப்ப அழுத்துங்க தம்பி” என்றார். கம்பங்கள் அசையவில்லை. இ.எல்.டி. விபத்தில் உதவி கேட்டுச் சைகை அனுப்பும் கருவி. சும்மா இருக்கும்போதும் அதன் ஆன்டெனா காமின் சக்தியை வாங்கும்; உள்ளே இருக்கும் அதன் பாகங்கள் அந்த அலையின் மடங்குகளை உண்டாக்கித் திருப்பி வெளியே விடும். இரண்டாம் காம் ஆன்டெனா இ.எல்.டி. ஆன்டெனாவுக்கு அருகில் இருந்ததால் அதில் பேசும்போது மட்டும் இது நடந்தது. அந்தக் கேபிளில் இதற்கென்றே உள்ள வடிகட்டி ஒன்றைப் பொருத்தியதும் தீர்ந்தது.

தீர்ந்தபின் இ.எல்.டி.யின் பதிவையும் சரிபார்த்தோம். 121.5 மெகாஹெர்ட்ஸ் சைகையைச் செயற்கைக்கோள்கள் 2009 பிப்ரவரி 1 முதல் கவனிப்பதில்லை. 406 மட்டுமே கணக்கு. கருவி 406 வகைதான், பெங்களூரில் உள்ள இந்திய மையத்தில் பதிவும் இருந்தது. ஆனால் பழைய உரிமையாளரின் பெயரில், பழைய தொலைபேசி எண்ணில். விபத்து நடந்திருந்தால் முதல் அழைப்பு அவருக்குப் போயிருக்கும். யாரும் தேடிப்போகாத இந்தக் குறை வெளிப்பட்டதை நான் ரேடியோ மாற்றத்தைவிடப் பெரிய ஆதாயமாகக் கருதுகிறேன்.

விளைவு

மேற்கிலும் தெற்கிலும் பழைய குறிகள் இருந்த இடங்களிலெல்லாம் இப்போது இரு பெட்டிகளிலும் குரல் தெளிவு. கோடை மதியத்திலும் மேல் திரை படிக்க முடிகிறது; அடுக்குக்குப் பின்னால் ஒரு சிறு குளிர்விப்பு விசிறி வைத்ததும் அதற்கு உதவியிருக்கும். மகன் கோயம்புத்தூரில் ஐ.எல்.எஸ். பயிற்சியைப் பழைய நாவிலேயே செய்துவருகிறார்.

மலை மாறவில்லை. “வாழப்பாடிப் பக்கம் இன்னும் கேக்கறதில்லைங்களே” என்று உரிமையாளர் ஒருமுறை கேட்டார். அதற்கு ரேடியோவில் வழியில்லை, பறக்கும் முறையில் உண்டு. கிழக்கே போகும் நாளில், முகட்டைக் கடப்பதற்கு முன்பே டவரிடம் எங்கே போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்ப அழைப்போம் என்று சொல்லிவிடுகிறார்கள். மறுபக்கம் எந்த நிலையத்தோடு பேச வேண்டும் என்பதைக் கிளம்பும் முன் எழுதிக்கொள்கிறார்கள். முதல் வாரம் வரைந்த குறிப்படத்தின் நகல் விமானத்திலேயே இருக்கிறது.

இன்னொரு முறை செய்தால்

உரிமத் திருத்த விண்ணப்பம் பெட்டிக்கு ஆர்டர் போடும் நாளிலேயே போகும். ஆன்டெனாவை மாற்றக் கூரை உள்விரிப்பைக் கழற்றினோம், பிறகு ஜி.பி.எஸ். ஆன்டெனாவுக்காக அதே விரிப்பை மீண்டும் கழற்ற வேண்டியிருந்தது. கோளாறைக் கண்டுபிடிப்பதும் புதிதாகப் பொருத்துவதும் தனித்தனிக் கட்டமாக இருந்தது சரி. ஆனால் முதல் முறையே ஜி.பி.எஸ். கேபிளையும் ஓட்டிச் சுருட்டி வைத்திருந்தால் ஒரு கூலி மிஞ்சியிருக்கும். இரண்டாம் காம் ஆன்டெனாவின் அடித்தகட்டையும் அன்றே திறந்து பார்த்திருக்க வேண்டும் என்பது ஏ.எம்.இ.யின் கருத்து. எஸ்.டபிள்யூ.ஆர். நன்றாக இருக்கும் ஆன்டெனாவைக் கழற்ற வேண்டியதில்லை என்பது என் கருத்து. அடுத்த வருடாந்திரப் பரிசோதனையில் திறந்து பார்ப்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறோம்.

கீழ்ப் பெட்டியின் திரையும் ஓரத்தில் மங்கத் தொடங்கியிருக்கிறது. மகனின் ரேட்டிங் முடியும்வரை அதை ஓட்டுவது, பிறகு அந்த இடத்துக்கு ஜி.என்.சி. 215 நாவ்–காமைப் பரிசீலிப்பது என்பது தற்போதைய திட்டம். கே.ஐ. 209-ஐ அதோடு வைத்துக்கொள்ள முடியுமா என்பதை விலை கேட்பதற்கு முன்பே ஏ.எம்.இ. பார்த்துச் சொல்வார்.